மைனஸ் முப்பது

"முடியாது" என்று சொல்லிவிடுவது என வியாழக்கிழமை காலை பல் தேய்க்கும்போது அவன் உறுதியாக முடிவெடுத்தான். வாய் கொப்பளித்து நிமிர்வதற்குள் முடிவில் ஒரு சின்னத் திருத்தம் வந்துவிட்டது. தான் எதற்குச் சொல்ல வேண்டும்? ஜீப் சொல்லட்டும்.

கல்யாணமான எட்டு வருடங்களில் அவன் மனைவியிடம் "இல்லை" என்று சொன்னது இரண்டே முறைதான். ஒருமுறை "சாப்பிட்டீங்களா?" என்று அவள் கேட்டபோது. இன்னொரு முறை "தூங்கிட்டீங்களா?" என்று கேட்டபோது. மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் "ம்" என்ற ஒரே பதிலை வைத்தே காலம் தள்ளிவிட்டான்.

கட்டட வரைபடம் போடும் அலுவலகத்தில் அவனுக்கு வேலை. அங்கே அவனுக்கு வைத்த பெயர் மில்லிமீட்டர். சுவர் ஒன்று மூன்று மில்லிமீட்டர் தள்ளி வரையப்பட்டிருந்தால் அன்று அவனுக்குச் சோறு இறங்காது. நாமும் அவனை அப்படியே கூப்பிடலாம். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான்.

மில்லிமீட்டரிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. பவர் ஸ்டியரிங் கிடையாது. நான்கு சக்கரங்களுக்கும் இழுவை உண்டு. காடு, மேடு, ஆற்று மணல், சேறு எதில் விட்டாலும் போகும் என்று விற்றவர் சத்தியம் செய்திருந்தார். மூன்று வருடங்களில் அது ஏறிய ஒரே மேடு வீட்டு வாசலில் இருக்கும் சிமென்ட் சரிவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்கும், குளிக்கும், மறுபடி ஏறும். நட்டு இடுக்குகளை அவன் காது குடையும் பஞ்சுக்குச்சியால் துடைப்பான். எதிர்வீட்டு மாமா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் செய்தித்தாளை இறக்கி, "என்னப்பா, இன்னிக்காவது எங்கயாவது போகுதா?" என்று கேட்பார். "ம்" என்பான்.

நெருக்கடி புதன்கிழமை சாயங்காலம் வந்தது. சாப்பாட்டு மேசையில் மில்லிமீட்டர் ஒரு ஜாம் புட்டியின் மூடியோடு போராடிக்கொண்டிருந்தான். மனைவி பேக்கரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். புருவத்தில் கொஞ்சம் மாவு இருந்தது.

"என்னங்க, முதலாளி கேட்டுட்டார்."

"என்ன கேட்டார்?"

"மலைமேல கல்குவாரி கேன்டீன் இருக்கில்ல, அங்க தினமும் ரொட்டி வேணுமாம். நூத்தி இருபது பேர் சாப்பிடறாங்க. பேக்கரி வேன் அந்தப் பாதையில ஏறாது. 'உன்கிட்ட ஏறுற வண்டி இருந்தா அந்தப் பக்கம் முழுக்க உன் பொறுப்பு. நீயே சுடு, நீயே கொண்டுபோ, நீயே பேசிக்க'ங்கறார். எட்டு வருஷமா மாவு பிசையறேன். முதல் தடவையா என் பேர்ல ஒரு வேலை வருது."

"ரொம்ப நல்லது. ஆனா வண்டிக்கு..."

"நம்ம ஜீப் இருக்கே."

நம்ம. மில்லிமீட்டரின் கை மூடியின் மேல் நின்றுவிட்டது. ஜீப் வாங்கிய நாளில் "எதுக்குங்க இது?" என்று அவள் கேட்டபோது, "நம்ம ரெண்டு பேருக்கும்தான்" என்று சொன்னவன் அவனேதான். பேச்சு வாக்கில் வந்த ஒரு வார்த்தை மூன்று வருடம் கழித்து வந்து கதவைத் தட்டும் என்று யார் கண்டது?

"எப்பலேர்ந்து?"

"திங்கட்கிழமை. ஞாயித்துக்கிழமை கொஞ்சம் ரொட்டி கொண்டுபோய்க் காட்டணும். கேன்டீன்காரர் சாப்பிட்டுப் பார்த்துச் சரின்னுட்டா முடிஞ்சுது. லைசென்ஸ்தான் போன வருஷமே எடுத்துட்டேனே."

"அந்தப் பாதை ரொம்ப மோசமாமே."

"மோசம்தான். போனா வந்தா தூசி, மழை பெஞ்சா சேறு."

தூசி. சேறு. ஜீப்பின் வெள்ளை உடம்பு அவன் கண் முன்னால் வந்து நின்று அழுதது.

"எனக்கு அதெல்லாம் பயமில்லைங்க," என்று அவள் தொடர்ந்தாள். "ஒண்ணே ஒண்ணுதான் பயம். ஸ்டியரிங். இப்ப லேசா இருக்கு, சமாளிச்சுடுவேன். கனமா மட்டும் இருந்திருந்தா என்னால முடியவே முடியாது. முதல் நாளே சாவியை உங்ககிட்ட கொடுத்திருப்பேன். இங்க கொடுங்க அதை."

புட்டியை வாங்கினாள். ஒரு திருகு. மூடி "டக்" என்று வந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

மில்லிமீட்டர் ஜாமைக் கவனிக்கவில்லை. அவன் காதில் ஒரே ஒரு வாக்கியம்தான் நின்றது. கனமா இருந்திருந்தா முடியவே முடியாது.

"ஆமா, என் ஸ்டீல் டேப் ஏன் சுருள மாட்டேங்குது? உள்ள வெள்ளையா என்னமோ ஒட்டியிருக்கு," என்று பேச்சை மாற்றினான்.

"நேத்து மாவு மேசையை அளக்க எடுத்துட்டுப் போனேங்க. துடைச்சு வைக்கிறேன்."

"ம்," என்றான்.

வியாழக்கிழமை அலுவலகத்தில் அவன் வரைந்த மாடிப்படியில் ஒரு படி குறைந்திருந்தது. மனசு முழுக்க ஸ்டியரிங். இருக்கிற ஸ்டியரிங்கை எப்படிக் கனமாக்குவது? கம்பியால் கட்டுவது திருட்டுத்தனம். எண்ணெயை வடித்துவிடுவது பாவம். ஜீப்புக்கு வலிக்கக் கூடாது, அவளுக்குக் கை வலிக்க வேண்டும். மதியத்துக்குள் கணினியில் தேடிப் பிடித்துவிட்டான். அந்த வார்த்தை ஆஃப்செட்.

வெள்ளிக்கிழமை மாலை ஊரில் இருந்த ஒரே டயர்க்கடைக்குப் போனான். கடைக்காரர் முழங்கை வரை கறுப்பாக, ஆனால் முகம் மட்டும் பளிச்சென்று இருக்கும் மனிதர்.

"வாங்க சார், வாங்க. வெள்ளிக்கிழமை வருவீங்கன்னுதான்..."

"என்னது?"

"வெள்ளிக்கிழமைன்னா கூட்டம் இருக்காது, நிதானமா பேசலாம்னு சொல்ல வந்தேன். ஜீப்தானே சார்?"

"ஆமா. இந்த ஆஃப்செட்னு சொல்றாங்களே..."

கடைக்காரர் ஒரு ரிம்மைத் தரையில் கவிழ்த்துப் போட்டார். சாக்பீஸை எடுத்து அதன் அகலத்துக்குச் சரிபாதியில் உள்பக்கம் சுற்றிலும் ஒரு கோடு இழுத்தார்.

"இதுதான் சார் நடுக்கோடு. போல்ட் உக்கார்ற தட்டு இருக்கு பாருங்க, இதுதான் வண்டியோட ஒட்டுற இடம். இந்தத் தட்டு நடுக்கோட்டுக்கு வெளிப்பக்கமா இருந்தா ப்ளஸ். சக்கரம் வண்டிக்குள்ள ஒடுங்கி நிக்கும். தட்டு உள்பக்கமா தள்ளி இருந்தா மைனஸ். சக்கரம் வெளியே தள்ளி நிக்கும். சரியா நடுக்கோட்டுலேயே இருந்தா சைபர். எவ்வளவு தள்ளியிருக்குங்கறதை மில்லிமீட்டர்ல சொல்வாங்க."

தன் பெயரைக் கேட்டதும் அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. பையிலிருந்து நோட்டை எடுத்து ரிம்மின் குறுக்குவெட்டை வரைந்தான். தட்டு, நடுக்கோடு, அம்புக்குறி. இவ்வளவு அழகான ஒரு விஷயம் உலகத்தில் இருந்தும் இத்தனை நாள் தனக்கு யாருமே சொல்லவில்லையே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

"என் வண்டியில இப்ப எவ்வளவு?"

"ப்ளஸ் இருபது."

வண்டியைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டார். தொழிலில் எத்தனை தேர்ச்சி என்று மில்லிமீட்டர் வியந்தான்.

"மைனஸ்ல போனா என்ன சார் ஆகும்?"

"கெடுதல் நிறைய," என்றார் கடைக்காரர் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு. "ஸ்டியரிங் கனமாயிடும்."

"ஓ," என்றான் மில்லிமீட்டர். குரலில் சந்தோஷம் தெரிந்துவிடாமல் இருக்க இருமினான். "எப்படிக் கனமாகும்?"

"ஸ்டியரிங்கைத் திருப்பினா சக்கரம் ஒரு அச்சுல திரும்புது. டயர் அந்த அச்சுக்குக் கிட்டக்க இருந்தா நின்ன இடத்துலேயே சுலபமா திரும்பும். தள்ளிப் போயிட்டா டயர் திரும்பாது, தரையில இழுபடும். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி வேற. கை கழண்டுடும்."

"அடடா. வேற?"

"பள்ளத்துல விழுந்தா ஸ்டியரிங் திருப்பி உதைக்கும். கட்டைவிரலை உள்பக்கமா விட்டு வச்சிருந்தா போச்சு."

"த்சு த்சு. வேற?"

"முழுசா ஒடிச்சா டயர் மட்கார்டுல உரசும்."

"சத்தம் வருமா?"

"வரும்."

"நல்ல சத்தமா?"

"பக்கத்துத் தெருவுக்குக் கேக்கும் சார்."

"வேற கெடுதல்?"

"பேரிங்ல பாரம் ஏறும். அதனால அளவோட போகணும். அளவை மீறினா ஆபத்து. இந்த வண்டிக்கு மைனஸ் முப்பது வரைக்கும் நான் தைரியமா போடுவேன், அதுக்கு மேல நீங்க அழுதாலும் போட மாட்டேன்."

ப்ளஸ் இருபதிலிருந்து மைனஸ் முப்பது. ஐம்பது மில்லிமீட்டர். பக்கத்துக்கு ஐந்து சென்டிமீட்டர், மூன்று விரல் அகலம், சக்கரம் வெளியே வரும். மில்லிமீட்டர் கணக்கைப் போட்டுக் கோடு கிழித்தான்.

"இவ்வளவு கெடுதல் இருக்கே, நல்லது ஒண்ணுமே இல்லையா?" என்று மனசாட்சிக்காக ஒரு கேள்வி கேட்டான்.

கடைக்காரர் கூரையைப் பார்த்தார். "கெடுதலைத்தான் சார் சொல்ல முடியும்," என்றார்.

"சரி. எனக்கு அதேதான் வேணும்."

வேறு எந்தக் கடையிலும் இப்படி ஒரு வாடிக்கையாளரைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். இவர் ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே போய், பழுப்புக் காகிதம் சுற்றிய ஐந்து ரிம்களை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்தார்.

"தயாரா வச்சிருக்கீங்களே!"

"ஒருத்தங்க சொல்லி வச்சிருந்தாங்க. பரவாயில்லை, நீங்க எடுத்துக்கங்க. நாளைக்கு வண்டியைக் கொண்டு வாங்க. பழசு இங்கேயே பத்திரமா இருக்கட்டும்."

அதுவும் திட்டத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. இரண்டு நாளில் அவள் சாவியைக் கொடுத்துவிடுவாள். அடுத்த சனிக்கிழமை பழைய சக்கரங்கள் ஏறிவிடும். ஜீப் மறுபடி ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் குளிக்கும். யாருக்கும் எந்த மனக்கசப்பும் இல்லை. ஒரு "முடியாது" கூடச் செலவாகவில்லை.

சனிக்கிழமை சக்கரங்கள் ஏறின. ஒவ்வொரு மட்கார்டுக்கும் விளிம்பில் ஒரு ரப்பர் பட்டையைக் கடைக்காரர் தாமாகவே பொருத்தினார். "அம்பது கிலோமீட்டர் ஓடினதும் நட்டை எல்லாம் ஒரு தடவை இறுக்கிடுங்க சார், மறக்காதீங்க," என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். புதுச் சக்கரங்களோடு ஜீப் காலை அகட்டி நிற்கும் மல்யுத்தக்காரனைப் போல இருந்தது.

கடையை விட்டு இடது பக்கம் திரும்ப வேண்டும். மில்லிமீட்டர் ஸ்டியரிங்கைத் திருப்பினான். அது திரும்பவில்லை. இன்னொரு முறை திருப்பினான். அவன்தான் இருக்கையில் கொஞ்சம் திரும்பினான். பல்லைக் கடித்து, இரண்டு கையாலும் தொங்கி, ஒரு வழியாகத் தெருவுக்கு வந்தபோது முதுகுச் சட்டை நனைந்திருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் குளிர்ந்தது. எனக்கே இப்படி என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்!

பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு பள்ளம். சக்கரம் இறங்கியது. ஸ்டியரிங் திருப்பி ஒரு உதை விட்டது. கட்டைவிரல் உள்பக்கம் இருந்தது. கடைக்காரர் வாக்குச் சுத்தமானவர் என்பது தெரிந்தது.

வீட்டு வாசலுக்கு வந்து சரிவில் ஏற்ற முழுசாக ஒடித்தான். "க்ர்ர்ர்ரக்" என்று ஒரு சத்தம். பின்னால் வந்தான். மறுபடி ஒடித்தான். "க்ர்ர்ர்ரக்." மூன்றாவது தடவை எதிர்வீட்டு மாமா செய்தித்தாளோடு எழுந்தே வந்துவிட்டார்.

"என்னப்பா, வண்டியோட சண்டையா?"

"புதுச் சக்கரம் மாமா."

"அது தெரியுது. யார் ஜெயிக்கிறாங்கன்னு கேட்டேன்."

கதவு திறந்தது. மனைவி வந்தாள். படியில் நின்று ஜீப்பை முன்னாலிருந்து பின்னால் வரை பார்த்தாள். குனிந்து மட்கார்டின் விளிம்பையும் டயரையும் பார்த்தாள்.

"சக்கரம் வெளியே வந்திருக்கே?"

இந்தக் கேள்விக்கு அவன் இரண்டு நாளாகப் பதில் தயாரித்து வைத்திருந்தான். "உனக்காகத்தாம்மா. மலைப் பாதையாச்சே. கால் அகட்டி நின்னா வண்டி சாயாது. உன் பாதுகாப்புதான் முக்கியம்."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கண்ணில் ஈரம் தெரிந்த மாதிரி இருந்தது. "எனக்காகவா? ஜீப்புக்கு ஒரு கீறல் விழுந்தா ரெண்டு நாள் சாப்பிட மாட்டீங்களே. எனக்காகவா மாத்தினீங்க?"

மில்லிமீட்டருக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் குற்ற உணர்வு வந்தது. ஒரு மூன்று மில்லிமீட்டர் இருக்கும். "ஸ்டியரிங்தான் லேசா கனமாயிடுச்சு," என்று மெல்லச் சொன்னான். "முடியலைன்னா வற்புறுத்திக்காதே. உடம்புதான் முக்கியம்."

"ஐயோ, கனமா?" என்று அவள் கன்னத்தில் கை வைத்தாள். "சரி, நாளைக்குப் பார்ப்போம். உங்க விரல் ஏன் வீங்கியிருக்கு?"

"ம்," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பின் இருக்கையில் ரொட்டிக் கூடைகள். ஜீப்புக்குள் இதுவரை மெழுகுப் பாலிஷ் வாசனை மட்டுமே இருந்தது. இப்போது சூடான ரொட்டி வாசனை. மில்லிமீட்டர் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பக்கத்து இருக்கையில் ஏறினான். முகத்தில் அனுதாபத்தை இப்போதே தயார் செய்துகொண்டான். சாவி கைக்கு வரும்போது சொல்ல வேண்டிய வார்த்தைகளும் தயார். "நீ முயற்சி பண்ணியே, அதுவே பெரிசு."

அவள் முடியைத் தூக்கிக் கட்டினாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். கட்டைவிரல்களை ஸ்டியரிங்குக்கு வெளியே வைத்துக்கொண்டாள். அதை எங்கே கற்றாள் என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.

திருப்பினாள்.

ஸ்டியரிங் ஒரு நொடி முறைத்தது. பிறகு திரும்பியது. சத்தமில்லாமல், ஒரே வீச்சில், அவள் விட்ட இடத்தில் போய் நின்றது.

"மாவு மாதிரிதாங்க இது," என்றாள். "முதல்ல முறைக்கும். கொஞ்சம் உருள விட்டுத் திருப்பினா வழிக்கு வந்துடும். நின்ன இடத்துல வச்சு முறுக்கக் கூடாது."

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். பேக்கரியில் மாவு பிசைய ஒரு இயந்திரம் உண்டு. அது வாரத்தில் இரண்டு நாள் மக்கர் பண்ணும். அந்த நாட்களில் நாற்பது கிலோ மாவை அவள்தான் கையால் பிசைவாள். இது மில்லிமீட்டருக்குத் தெரியாத செய்தி இல்லை. ஆனால் அந்தக் கைகளை எட்டு வருடமாகத் தேநீர் டம்ளரோடு மட்டுமே அவன் பார்த்திருக்கிறான். உலகத்தில் எதை எதையோ மில்லிமீட்டர் கணக்கில் அளந்தவன், மனைவியின் முன்கையை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தான். அது அவனுடையதைப் போல ஒன்றரை மடங்கு இருந்தது.

எதிர்வீட்டு மாமா செய்தித்தாளை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் கும்பிட்டார். யாரைப் பார்த்து என்று சொல்ல முடியாது. "என்னப்பா, இன்னிக்குப் போகுதா?"

"போகுது மாமா," என்று அவள்தான் பதில் சொன்னாள்.

இன்னும் நம்பிக்கை இருந்தது. தார் சாலை முடிந்து குவாரிப் பாதை ஆரம்பித்தது. குவாரியின் சின்ன லாரிகள் வருடக்கணக்காக ஓடி ஓடி இரண்டு பக்கமும் ஆழமாகப் பள்ளம் விழுந்திருந்தது. நடுவில் கல்லும் மண்ணுமாக ஒரு திட்டு. இங்கே ஸ்டியரிங் உதைக்கும். இங்கே அவள் நிறுத்துவாள். இங்கேதான் சாவி கை மாறும்.

ஜீப்பின் நான்கு சக்கரங்களும் இரண்டு பள்ளங்களுக்குள்ளும் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டன. தண்டவாளத்தில் ரயில் ஏறின மாதிரி. ஸ்டியரிங்கை அவள் சும்மா தொட்டுக்கொண்டிருந்தாள். வண்டி தானாக மலை ஏறியது.

"பாருங்க, எவ்வளவு பொருத்தமா உக்காருது," என்றாள். "பழைய சக்கரமா இருந்தா பள்ளத்தோட உள் ஓரத்துல ஏறி ஏறி வழுக்கியிருக்கும். பாதி தூரம்கூட வந்திருக்க முடியாது. திரும்பிப் போயி முதலாளிகிட்ட முடியாதுன்னு சொல்லியிருக்கணும்."

"பாதி தூரம்கூட வந்திருக்க முடியாதா?"

"பக்கத்துக்கு அஞ்சு சென்டிமீட்டர் பத்தாம இருந்திருக்கும்."

மில்லிமீட்டர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். வெளியே பார்ப்பதற்குப் பாறை மட்டும்தான் இருந்தது. ஆகவே, தான் ஒன்றும் செய்யாமல் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால், ஜீப் இந்நேரம் வாசலில் குளித்துக்கொண்டிருக்கும். இந்த எண்ணம் வந்ததும் அவன் கட்டைவிரல் மறுபடி வலிக்க ஆரம்பித்தது.

அஞ்சு சென்டிமீட்டர் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி மட்டும் தொண்டை வரை வந்து நின்றது. வண்டி ஒரு வளைவில் ஏறியதில் அது மறுபடி உள்ளே போய்விட்டது.

குவாரி கேன்டீன் ஒரு தகரக் கொட்டகை. கேன்டீன்காரர் ஒரு ரொட்டியைப் பிய்த்தார், மோந்தார், அமுக்கிப் பார்த்தார், சாப்பிட்டார். இன்னொன்றையும் எடுத்தார். மனைவி கையைக் கட்டிக்கொண்டு அவர் வாயையே பார்த்தபடி நின்றாள். மலையேறும்போது வராத பயம் அப்போது அவள் முகத்தில் இருந்தது. மூன்றாவது ரொட்டியும் உள்ளே போன பிறகுதான் அவர் பேசினார்.

"நாளையிலேர்ந்து கொண்டு வாங்கம்மா. ஏழு மணிக்கு இருக்கணும்."

"ஆறே முக்காலுக்கே இருக்கும்ணே," என்றாள். சொல்லிவிட்டுச் சட்டென்று திரும்பி மில்லிமீட்டரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். எட்டு வருடத்தில் அவன் பார்த்திராத சிரிப்பு. அதைப் பார்த்தவுடன் அவனுக்கும் சிரிப்பு வந்தது. அது ஜீப்புக்குச் செய்யும் துரோகம் என்று தெரிந்தும் வந்தது.

அவள் உள்ளே பேசிக்கொண்டிருந்த நேரத்தில், வண்டியை வெளியே போகும் பக்கமாகத் திருப்பி வைக்கலாம் என்று அவன் ஏறினான். நின்ற இடத்தில் வைத்து முறுக்கினான். ஸ்டியரிங் அசையவில்லை. வாசலில் கல் சுமந்து நின்ற இரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஏதோ சோதனை செய்கிற பாவனையில் அவன் இறங்கி, சக்கரத்தைச் சுற்றி வந்தான். நட்டை இறுக்கச் சொல்லியிருந்தாரே! ஐம்பது கிலோமீட்டர் இன்னும் ஆகவில்லைதான். ஆனாலும் ஒரு ஆண்பிள்ளை செய்வதற்கு ஏதாவது ஒன்று வேண்டாமா? ஸ்பானரை எடுத்தான். நான்கு சக்கரங்களையும் இறுக்கினான். பின்னால் மாட்டியிருந்த ஸ்டெப்னிக்கு வந்தான். அதில் டயரை மாட்டியிருந்தாலும் ரிம் மேல் கடையில் சுற்றிய பழுப்புக் காகிதம் கொஞ்சம் இன்னும் ஒட்டியிருந்தது. கிழித்தான்.

ரிம்மின் உள்பக்கம் நூலில் கட்டிய ஒரு அட்டை தொங்கியது. கடைக்காரரின் கையெழுத்து.

"ஜீப், ஐந்து சக்கரம், மைனஸ் 30. செவ்வாய் சொன்னது. பேக்கரி அக்கா வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை வந்து கேட்பார். கெடுதலை மட்டும் சொல்லவும்."

அட்டையின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை. மை இல்லை. மாவு.

செவ்வாய். ஜாம் புட்டி புதன்கிழமை. மில்லிமீட்டர் கணக்கில் பிசகாத ஆள். செவ்வாய்க்கு அப்புறம்தான் புதன் வருகிறது என்பதை அவன் மூன்று தடவை சரிபார்த்தான். டேப்பில் ஒட்டியிருந்த வெள்ளை, மாவு மேசையிலிருந்து வந்ததல்ல; குவாரிக் கல்தூசி. அந்த டேப் இந்த மலை மேல் ஏறி இந்தப் பள்ளங்களை அளந்திருக்கிறது. வாசலில் ஜீப்பின் அடியில் படுத்துச் சக்கரத்தை அளந்திருக்கிறது.

அவள் காலிக் கூடைகளை அடுக்கிக்கொண்டு வந்தாள். அவன் அட்டையைக் காட்டினான். அவள் பார்த்தாள். கூடைகளை உள்ளே வைத்தாள். அவசரப்படவில்லை.

"நேரா கேட்டிருக்கலாமே," என்றான். "ஜீப் வேணும், சக்கரம் மாத்தணும்னு."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

யோசித்தான். "ம்."

"அதான்."

"நல்லதைச் சொல்லியிருந்தா நானே சந்தோஷமா..."

"நல்லதைச் சொன்னா நாலு மாசம் யோசிப்பீங்க. படம் வரைவீங்க. கெடுதலைச் சொன்னா ரெண்டு நாள்ல வாங்கிடுவீங்கன்னு தெரியும். எட்டு வருஷமா உங்களையும் சேர்த்துத்தானே பிசையறேன்."

மில்லிமீட்டருக்குக் கோபப்பட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "நீ ஸ்டியரிங்கைக் கனமாக்கிட்டே" என்று தொடங்கலாம் என்றால், அதைச் செய்தவன் அவன். "என்னை ஏமாத்திட்டே" என்று தொடங்கலாம் என்றால், அவள் சொன்ன ஒரு பொய்க்கு அவன் இரண்டு நாள் உட்கார்ந்து தயாரித்த பொய் ஈடாகிவிடும். பழைய சக்கரங்கள் கடையில் பத்திரமாக இருக்கின்றன என்பது நினைவுக்கு வந்தது. அவற்றை மறுபடி மாட்ட வேண்டுமானால், இந்த முகத்தைப் பார்த்து "முடியாது" என்று சொல்ல வேண்டும். பல் தேய்க்கும்போதே வராத வார்த்தை, மலை உச்சியில் எப்படி வரும்?

பக்கத்து இருக்கையில் ஏறினான். அவள் வண்டியைக் கொஞ்சம் உருளவிட்டு ஒரே வீச்சில் திருப்பினாள். சக்கரங்கள் தங்கள் பள்ளத்தைத் தேடிப் போய் உட்கார்ந்தன. பாதி மலை இறங்கியதும் அவனால் பொறுக்க முடியவில்லை.

"ஒருவேளை வெள்ளிக்கிழமை நான் அந்தக் கடைக்கே போகாம இருந்திருந்தா? என்ன பண்ணியிருப்பே?"

அவள் வளைவைக் கவனமாகத் தாண்டிய பிறகுதான் பதில் சொன்னாள்.

"சனிக்கிழமை இன்னொரு தடவை, 'ஸ்டியரிங் கனமா இருந்தா எனக்குப் பயம்'னு சொல்லியிருப்பேன்."